ஜேனியின் மூன்று திருமணங்கள்: ஹர்ஸ்டன் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலைப் படித்தவர்களும் படிக்கத் தொடங்கியவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் வரும். கதை தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

நாவல் எப்போது, எங்கே எழுதப்பட்டது?

1936 இறுதியில், ஹைட்டியில். நாட்டார் வழக்குகளைச் சேகரிக்க குகன்ஹைம் நிதியுதவியுடன் ஹர்ஸ்டன் அங்கே போயிருந்தார். ஏழு வாரத்தில் எழுதி முடித்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். 1937 செப்டம்பரில் லிப்பின்காட் பதிப்பகம் வெளியிட்டது.

ஹர்ஸ்டன் 1891இல் அலபாமாவில் பிறந்தவர். வளர்ந்தது ஃப்ளோரிடாவில், ஈட்டன்வில் என்ற ஊரில். 1887இல் கறுப்பின மக்களே உருவாக்கி, தாங்களே நிர்வகித்த ஊர் அது. அவருடைய அப்பாவே அங்கே மேயராக இருந்திருக்கிறார். பிறகு நியூயார்க்கில் பார்னார்ட் கல்லூரியில் மானிடவியல் படித்தார், ஃபிரான்ஸ் போவாஸிடம் பயிற்சி பெற்றார். நாவலில் வரும் கடைத் திண்ணையும், அங்கே உட்கார்ந்து நாள் முழுக்கக் கதையளக்கும் ஆண்களும் அவர் சிறுமியாக நின்று காதுகொடுத்துக் கேட்ட உலகத்திலிருந்து வந்தவை.

கதை என்ன, சுருக்கமாக?

நாற்பது வயதைத் தொட்ட ஜேனி, ஒரு சாயங்காலம் அழுக்கு ஓவரால் உடையுடன் ஈட்டன்வில்லுக்குத் தனியாகத் திரும்பி வருகிறாள். திண்ணையில் இருப்பவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். தோழி ஃபீபி மட்டும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் ஜேனி தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். பாட்டி கட்டிவைத்த லோகன் கில்லிக்ஸ், தானே தேடிப்போன ஜோ ஸ்டார்க்ஸ், அவன் இறந்த பிறகு தன்னைவிட ஏறக்குறைய பன்னிரண்டு வயது இளையவனான டீ கேக் என்று மூன்று கணவர்கள். முதல்வனை விட்டு ஓடிப்போகிறாள், இரண்டாமவன் நோயில் சாகிறான், மூன்றாமவனை அவளே சுட வேண்டிவருகிறது.

பாட்டி ஏன் பதினாறு வயதிலேயே கட்டிக்கொடுக்கிறாள்?

நேரடிக் காரணம் ஒரு முத்தம். பூத்திருக்கும் பேரி மரத்தடியில் படுத்து, பூவுக்குள் தேனீ இறங்குவதைப் பார்த்து ஜேனி தனக்குள் ஏதோ விழித்துக்கொள்வதை உணர்கிறாள். அன்றைக்கே வேலியருகே ஒரு பையனுக்கு முத்தம் கொடுக்கிறாள். பாட்டி பார்த்துவிடுகிறாள். உடனே அவளுக்கு ஒரு வீடும் அறுபது ஏக்கர் நிலமும் உள்ள வயதான லோகன் நினைவுக்கு வருகிறான்.

உண்மையான காரணம் பாட்டியின் உடம்பில் இருக்கிறது. அவள் அடிமையாகப் பிறந்தவள். எஜமானனால் பிள்ளை பெற்றாள். குழந்தையின் சாம்பல் நிறக் கண்ணையும் மஞ்சள் முடியையும் பார்த்த எஜமானி, மறுநாள் சவுக்கால் அடித்து, குழந்தையை விற்கப்போவதாக மிரட்டினாள். பச்சை உடம்போடு பாட்டி சதுப்புக்காட்டுக்குள் ஓடினாள். அந்தக் குழந்தைதான் ஜேனியின் அம்மா. அவளைப் பதினேழு வயதில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வன்புணர்ந்தார். அதில் பிறந்தவள் ஜேனி.

இங்கே ஒரு சட்டப் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அடிமைமுறையில் அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது. எஜமானன் நினைத்தால் கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் விற்கலாம். பிள்ளைகள் தாயின் நிலையையே அடைவார்கள், அதாவது எஜமானனுக்குப் பிறந்தாலும் அவனுக்கு அடிமைதான். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, விடுதலை பெற்ற தம்பதிகள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று தங்கள் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த கிழவிக்குத் திருமணச் சான்றிதழும் சொந்த நிலமும் பெரிய காப்பு. கறுப்பினப் பெண்தான் இந்த உலகத்தின் சுமை சுமக்கும் கோவேறு கழுதை என்று அவள் ஜேனியிடம் சொல்கிறாள். வெள்ளைக்காரன் சுமையைக் கறுப்பின ஆணிடம் தள்ளுகிறான், அவன் அதைத் தன் வீட்டுப் பெண்ணிடம் தள்ளுகிறான் என்கிறாள்.

அதனால் பாட்டியை வில்லியாகப் படிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜேனி பின்னாளில் பாட்டியை வெறுக்கிறாள், அந்த வெறுப்புக்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் பாட்டி அஞ்சியது எதுவும் கற்பனை அல்ல.

லோகன் கெட்டவனா?

இல்லை. அதனாலேயே அந்தத் திருமணம் முக்கியமாகிறது. முதலில் விறகு பிளந்து கொடுக்கிறான், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். கல்யாணம் ஆனால் காதல் தானாக வந்துவிடும் என்று ஜேனி காத்திருக்கிறாள். வரவில்லை. சில மாதத்தில் அவன் விறகு பிளப்பதை நிறுத்துகிறான். அப்புறம், அவளும் ஏர் ஓட்டத் தோதாக இன்னொரு கோவேறு கழுதை வாங்கப் புறப்படுகிறான். பாட்டி எந்த உருவத்தைச் சொல்லிப் பயந்தாளோ, அவள் காப்பாக நினைத்த அறுபது ஏக்கரிலேயே அது ஜேனிக்காகக் காத்திருந்தது.

ஜோ ஸ்டார்க்ஸ் வசதி, அந்தஸ்து எல்லாம் கொடுத்தானே. அவனோடு என்ன குறை?

நாவலில் நான் மிக அதிகம் திரும்பிப் படிக்கும் பகுதி இதுதான். ஜோ திறமைசாலி. ஈட்டன்வில்லுக்கு வந்ததும் நிலம் வாங்குகிறான், கடை போடுகிறான், தபால் நிலையம் கொண்டுவருகிறான், தெருவிளக்கு ஏற்றுகிறான், மேயராகிறான். கறுப்பின மக்களுக்கென்று ஓர் ஊர் வேண்டும் என்ற அவன் கனவு பொய்யல்ல. ஜேனியை வயலில் இறக்க மாட்டேன் என்ற வாக்கையும் காப்பாற்றுகிறான். உட்கார வைக்கிறேன் என்றான், உட்கார வைத்தான். பேச மட்டும் விடவில்லை.

கடை திறப்பு விழாவில் ஒருவர் எழுந்து, மேயரின் மனைவி நாலு வார்த்தை பேசட்டும் என்கிறார். ஜோ முந்திக்கொண்டு, என் மனைவிக்குப் பேச்செல்லாம் தெரியாது, அவள் இடம் வீடு என்கிறான். ஜேனிக்கு அன்று பேசும் ஆசை இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. யோசிக்கவாவது அவளுக்கு ஒரு நொடி கிடைத்திருக்கலாம். அந்த நொடியை அவன் எடுத்துக்கொண்டதுதான் அவளை உறுத்துகிறது. பெரிய கொடுமை எதுவும் நடக்காத இந்த இடத்தில்தான் அந்தத் திருமணம் உடையத் தொடங்குகிறது.

பிறகு தலைத்துணி வருகிறது. கடையில் நின்ற ஒருவன் ஜேனியின் பின்னலைப் புறங்கையால் தடவிப் பார்ப்பதை ஜோ கவனிக்கிறான். அவனைக் கேட்கவில்லை. ஜேனியிடம் முடியைத் துணியால் கட்டு என்று உத்தரவு போடுகிறான், காரணமும் சொல்வதில்லை. கோவேறு கழுதை மறுபடி வருவதையும் கவனியுங்கள். ஊரார் சீண்டித் துன்புறுத்தும் கிழட்டுக் கழுதையைப் பார்த்து ஜேனி தனக்குள் முணுமுணுத்து வருந்துகிறாள். அது காதில் விழுந்து, ஜோ ஐந்து டாலர் கொடுத்து அதை வாங்கி ஓய்வு கொடுக்கிறான். எல்லார் முன்னாலும் அவனை லிங்கனோடு ஒப்பிட்டு ஜேனி பாராட்டுகிறாள். உன் மனைவி பிறவிப் பேச்சாளி என்று ஒருவர் வியக்கிறார். அப்போதும் அவள் பேச முடிந்தது கணவனைப் புகழத்தான்.

ஒருநாள் மீன் சரியாக வேகவில்லை, சோறு அடிபிடித்துவிட்டது என்று அவளை அறைகிறான். அவன் போன பிறகு அவள் அசையாமல் நின்று யோசிக்கிறாள். தனக்கு உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றும் இருக்கிறது, இரண்டையும் இனிமேல் கலக்கக் கூடாது என்று அன்று அறிகிறாள். தன்னைத் தேடும் கதை உண்மையில் இங்கே தொடங்குகிறது என்பேன். வெளியே மனைவியாக நடமாடிக்கொண்டு, உள்ளே யாரும் நுழையாத ஓர் இடத்தைக் காத்துவருகிறாள். தப்பிக்க வழி தெரியாத நிலையில் ஒரு பெண் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு அது. அதற்கு விலையும் உண்டு. அடுத்த பல வருடங்கள் உறைந்துபோன வருடங்கள்.

கடையில் ஜோவை அவமானப்படுத்தியது அதிகப்படி இல்லையா?

ஊரார் அப்படித்தான் நினைத்தார்கள். புகையிலையைச் சரியாக வெட்டவில்லை என்று ஜோ அவள் வயதையும் உடம்பையும் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறான். அவள் அவன் ஆண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறாள். கடையே வாயடைத்துப் போகிறது. திண்ணையில் ஆண்கள் தினமும் ஆடும் வாய்ச்சண்டை விளையாட்டின் விதிப்படி பார்த்தால் அவள் அடித்தது அருமையான அடி. ஒரு பெண் அந்த விளையாட்டில் இறங்கியதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. ஜோ அவளை அடித்துக் கடையிலிருந்து விரட்டுகிறான்.

மரணப்படுக்கையில் இருப்பவனிடம் அவள் போய்ப் பேசுவது வேறு. என்னோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் நீ என்னை அறியவே இல்லை என்கிறாள். அவன் கேட்க மறுக்கிறான். அவளுக்கு அவன்மேல் கோபத்தோடு இரக்கமும் வருகிறது. அவன் இறந்ததும் கண்ணாடி முன் நின்று துணியை அவிழ்த்து முடியைத் தொங்கவிட்டுப் பார்க்கிறாள். பிறகு மறுபடி கட்டிக்கொண்டு, ஊருக்குச் சேதி சொல்ல ஜன்னலைத் திறக்கிறாள். தலைத்துணிகள் எல்லாவற்றையும் எரிப்பது சாவு காரியங்கள் முடிந்த பிறகுதான்.

டீ கேக்தான் சரியான கணவன் என்று நாவல் சொல்கிறதா?

பலர் அப்படிப் படிக்கிறார்கள். கெட்டது, சுமாரானது, நல்லது என்று மூன்று படிகள் போல. எனக்கு அது போதவில்லை.

டீ கேக் கொண்டுவரும் மகிழ்ச்சி நிஜமானது. முதல் சந்திப்பிலேயே செக்கர்ஸ் ஆட வா என்று பலகையை எடுத்துப் போடுகிறான். பெண்ணுக்கு அந்த விளையாட்டு வராது என்று ஜோ ஒதுக்கியது அது. தன்னோடு விளையாட ஒருவன் விரும்புகிறான் என்பதே ஜேனியை மலரச் செய்கிறது. மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறான், துப்பாக்கி சுடக் கற்றுத்தருகிறான். எவர்கிளேட்ஸ் என்ற ஃப்ளோரிடா சதுப்புநிலப் பகுதியின் கரிசல் வயலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பீன்ஸ் பறிக்கிறார்கள். அங்கே ராத்திரிக் கூட்டத்தில் ஜேனியும் உட்கார்ந்து கதை சொல்கிறாள். ஈட்டன்வில் திண்ணையில் அவளுக்கு மறுக்கப்பட்ட இடம் இங்கே கேட்காமலே கிடைக்கிறது. லோகன் வேலை செய் என்றபோது ஓடியவள் இங்கே தானாக வயலுக்குப் போகிறாள். கூலி பெரிதல்ல, முதுகு வலிக்கிற வேலைதான். அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருவருமே விரும்பியதால் போகிறாள்.

ஆனால் இவன் அவளுடைய 200 டாலரைச் சொல்லாமல் எடுத்துப்போய் விருந்து வைத்தவன். அவளை அந்த விருந்துக்கு அழைக்கவும் இல்லை. பின்னால், வேறொருத்தி தன் தம்பியை ஜேனிக்கு அறிமுகம் செய்ய முயல்கிறாள் என்று தெரிந்ததும் ஜேனியை அடிக்கிறான். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று அவனுக்கே தெரியும். இவள் எனக்குச் சொந்தம் என்று மற்றவர்களுக்குக் காட்ட அடிக்கிறான். மறுநாள் ஆண்கள் அவள் தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து அவனைப் பொறாமையோடு பாராட்டுகிறார்கள். அந்த அத்தியாயத்தில் ஜேனி என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் வாழ்க்கையை அவளே சொல்லும் நாவலில், அவள் குரல் இல்லாத இடம்.

அந்தக் காலத்தில் அது சகஜம் என்று சிலர் கடந்துபோகிறார்கள். நான் கடக்க மாட்டேன். ஹர்ஸ்டன் அதை எழுதாமலே விட்டிருக்கலாம், டீ கேக் இன்னும் அழகானவனாகத் தெரிந்திருப்பான். எழுதினார். அன்பான திருமணத்திலும் உடைமை எண்ணம் குடியிருக்கும் என்பதை வாசகர் பார்த்தே ஆக வேண்டும் என்று வைத்தார் என்றே நான் படிக்கிறேன்.

காதலுக்காக ஜேனி எல்லாவற்றையும் துறந்தாள் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. டீ கேக்கோடு போகும்போது ஜோ விட்டுச்சென்ற வீடு அவள் பேரில் இருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது. இந்த ஆள் சரிப்படாவிட்டால் திரும்பி வரலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து வருகிறது. கடைசியில் அவள் திரும்பி வருவதும் அந்தச் சொந்த வீட்டுக்குத்தான். ஊர் பேசினாலும் அவளை யாரும் வெளியே தள்ள முடியாது. பாட்டி வேண்டிய பாதுகாப்பு, பாட்டி நினைக்காத விதத்தில் பேத்தியின் சுதந்திரத்துக்கு முதலாகிறது. பீன்ஸ் பறித்துப் பிழைக்கும் மற்றப் பெண்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. நாவலை வெறும் காதல் கதையாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

நாவலின் பிற்பகுதியில் எவர்கிளேட்ஸைத் தாக்கும் புயல் உண்மையில் நடந்ததா?

நடந்தது. 1928 செப்டம்பரில் ஓக்கிசோபி ஏரிக் கரையை உடைத்த சூறாவளி அது. குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின விவசாயக் கூலிகள். வெஸ்ட் பாம் பீச்சில் கறுப்பின மக்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். நாவலில் டீ கேக்கைத் துப்பாக்கி முனையில் பிணம் அள்ள வைக்கிறார்கள், வெள்ளையருக்கு மட்டும் சவப்பெட்டி என்று உத்தரவு. அது கற்பனை அல்ல.

ஜேனி டீ கேக்கைச் சுட்டது ஏன்? நீதிமன்றத்தில் அவள் பேசுவதை ஏன் நாம் கேட்பதில்லை?

வெள்ளத்தில் ஜேனியைக் காப்பாற்றும்போது ஒரு நாய் டீ கேக்கைக் கடிக்கிறது. நாய்க்கு வெறி. சில வாரத்தில் அவனுக்கும் வெறி முற்றி, சந்தேகம் தலைக்கேறி, அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். அவன் கற்றுக்கொடுத்த குறியால் அவள் தன் உயிரைக் காத்துக்கொள்கிறாள். காதலின் உச்சத்திலும் தான் சாகக் கூடாது என்று தீர்மானிக்கும் ஒரு பெண்ணை 1937இல் எழுதியது சின்ன விஷயம் அல்ல.

விசாரணையில் நீதிபதியும் பன்னிரண்டு நடுவர்களும் வெள்ளை ஆண்கள். டீ கேக்கின் நண்பர்கள் பின்னால் நின்று அவளுக்கு எதிராக முணுமுணுக்கிறார்கள். அவள் சாட்சி சொல்கிறாள், ஆனால் அந்தப் பேச்சை ஹர்ஸ்டன் அவள் வாயால் தராமல் சுருக்கிச் சொல்லிவிடுகிறார். அவளுக்குக் குரல் கிடைக்கவே இல்லை என்பதற்கு இது சான்று என்று சில விமர்சகர்கள் வாதிட்டிருக்கிறார்கள். என் கருத்து வேறு. அந்த நீதிமன்றம் அவள் பேச வேண்டிய இடம் அல்ல. அங்கே பேசுவது உயிர் பிழைக்க. முழுதாகப் பேசுவது ஃபீபியிடம், கால் வலிக்க நடந்து வந்து, சாப்பிட்டு முடித்து, இருட்டும் நேரத்தில்.

அவளுக்குக் குழந்தை இல்லாதது ஏன்?

நாவல் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

இது ஹர்ஸ்டனின் சொந்தக் கதையா?

முழுக்க இல்லை. அவர் மூன்று முறை மணந்தார், மூன்றும் நீடிக்கவில்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் நாவலுக்குப் பிறகு நடந்தவை. நியூயார்க்கில் தன்னைவிட மிக இளையவர் ஒருவரைக் காதலித்தார். அவர் ஹர்ஸ்டன் எழுதுவதை விட்டுவிட்டு மனைவியாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். ஹர்ஸ்டனால் விட முடியவில்லை. அந்தக் காதலின் மென்மையை நாவலில் பத்திரப்படுத்த முயன்றதாக அவரே எழுதியிருக்கிறார்.

வெளியானபோது ஏன் எதிர்ப்பு? பிறகு எப்படித் திரும்பி வந்தது?

கறுப்பின நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் 1937 அக்டோபரில் 'நியூ மாஸஸ்' இதழில் கடுமையாக எழுதினார். நாவலில் கருப்பொருளே இல்லை, வெள்ளை வாசகர்களைச் சிரிக்க வைக்கும் பழைய மேடை வேடத்தைத் தொடர்கிறது என்றார். இனவெறியோடு நேருக்கு நேர் மோதும் எழுத்தைத்தான் அவர் இலக்கியமாகப் பார்த்தார். வீட்டுக்குள், அடுப்படியில், கடைத் திண்ணையில் ஒரு பெண் நசுக்கப்படுவது அவருக்குக் கருப்பொருளாகத் தெரியவில்லை. ரைட்டின் நாவல்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த மதிப்புரையை மட்டும் ஏற்க முடியவில்லை.

நாவல் அச்சில் இல்லாமல் போனது. ஹர்ஸ்டன் 1960இல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் வறியவர் இல்லத்தில் இருந்தபோது இறந்தார், பெயர்க்கல் இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், நான் அவருடைய உடன்பிறந்தவரின் மகள் என்று சொல்லிக்கொண்டு புல் மண்டிய மயானத்தில் தேடி, அந்த இடத்தில் ஒரு கல் நட்டார். அந்தக் கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்றிருக்கும். ஹர்ஸ்டன் தன் வயதைக் குறைத்தே சொல்லிவந்தார். 1975இல் 'மிஸ்' இதழில் வாக்கர் எழுதிய கட்டுரையும், 1978இல் இல்லினாய் பல்கலைக்கழகம் கொண்டுவந்த மறுபதிப்பும் நாவலை வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தன.

ஆங்கிலம் ரொம்பக் கடினமா?

உரையாடல் முழுக்கத் தென் மாநிலக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் இருக்கும், எழுத்தைப் பார்த்தால் திகைப்பு வரும். வாய்விட்டுப் படியுங்கள், இருபது பக்கத்தில் பிடிபட்டுவிடும். நடிகை ரூபி டீ படித்த ஒலிப்புத்தகம் கிடைத்தால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

இதற்குப் பிறகு எதைப் படிக்கலாம்?

முதலில் நெல்லா லார்சனின் 'குவிக்சாண்ட்', 1928. ஹெல்கா கிரேன் படித்தவள், நகரங்களும் நாடுகளும் மாறி மாறித் தன்னைத் தேடுகிறவள். கடைசியில் அலபாமா கிராமத்து மதபோதகர் ஒருவரை மணந்து, அடுத்தடுத்த பிரசவங்களில் மூழ்கிப்போகிறாள். ஜேனிக்குக் கிடைத்த வெளிவாசல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளிடம் சொந்த வீடும் இல்லை, ஒரு ஃபீபியும் இல்லை.

பிறகு ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்', 1982, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. சிறுமியாக இருக்கும்போதே வன்முறைக்கு ஆளாகி, விருப்பமில்லாத திருமணத்தில் தள்ளப்பட்ட செலி, கடவுளுக்கும் பிறகு தங்கைக்கும் கடிதம் எழுதுகிறாள். அவளை எழுப்புவது ஒரு புதுக் கணவன் அல்ல, ஷக் ஏவரி என்ற பாடகி. அவள் கால்சட்டை தைத்துத் தொழில் தொடங்குகிறாள், வீடும் அவளுக்கு வருகிறது. ஹர்ஸ்டனை முதலில் படித்துவிட்டு வாக்கருக்கு வந்தால், செலி சாப்பாட்டு மேசையில் கணவனுக்கு எதிராக வாய்திறக்கும் காட்சியில் ஜேனி கடையில் பேசியது பின்னால் கேட்கும்.